பட்டியலில் இரண்டு ‘டெஸ்ட்’

பெரிய கணக்கு ஒன்றை நாற்பது கணினிகளுக்குப் பங்கு போட்டு ஓட விடுவதுதான் பெங்களூருவில் என் பிழைப்பு. ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். சோம்பலில் எல்லோரும் ‘டெஸ்ட்’ என்றே வைத்துவிடுவோம்.

அன்று காலை என்னுடையதில் பிழை தெரிந்தது. பட்டியலில் முதலில் கண்ட டெஸ்ட்டை நிறுத்தினேன். நின்றதோ பக்கத்து இருக்கை ஸ்டெல்லாவுடையது! நகரப் பேருந்துகளின் நெரிசலை இரண்டு நாளாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. மதியம் வாடிக்கையாளரிடம் அவள் காட்ட வேண்டிய முடிவு.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், “ஆய்த்து, சரி விடுங்க, மறுபடி போடறேன்” என்றாள்.

மீட்டிங்கில் மேனேஜர், “யார் நிறுத்தினது?” என்று கேட்டார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒழுங்கா பேர் வெக்காதது என் தப்பு சார். கஸ்டமர்கிட்ட பேசி ரெண்டு நாள் டைம் வாங்கிட்டேன்” என்றாள் ஸ்டெல்லா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வெளியே வந்ததும், “ஏன் என்னைச் சொல்லல?” என்றேன்.

“நீங்கதான் என்கிட்ட வந்து சொல்லிட்டீங்கல்ல? அது போதும்.”

எனக்கு அது போதவில்லை. அன்று அந்த அறையில் சொல்லாமல் விழுங்கிய என் பெயரைத்தான், இன்றும் நான் ஓட விடும் ஒவ்வொரு கணக்கின் பெயரிலும் முதலில் தட்டுகிறேன்.