செல்லமுத்து சார் எழுதுகிறார்

2004-ல் அம்சவேணி கொல்லிமலையில் செம்மேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் மனு டைப் அடிக்கும் வேலையில் இருந்தாள். அவளுக்குச் சிற்றலை வானொலி என்றால் பைத்தியம். வளப்பூர் நாடு என்ற மலைக் கிராமத்தில் வீட்டுக்குப் பின்னால், மிளகுக் கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவளே ஏரியலுக்குச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தாள். விடிந்ததும் ரேடியோவைத் திருகினால் ஜப்பான் பேசும். எந்த நிலையம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவு என்று நோட்டில் குறித்துக்கொள்வாள்.

இப்படிக் கேட்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருப்பதைச் சென்டரில்தான் கண்டுபிடித்தாள். நூற்றுச்சொச்சம் பேர், அத்தனை பேரும் ஆண்கள். கம்பியை எந்தத் திசையில் கட்டலாம் என்று தன் பெயரிலேயே கேட்டு எழுதினாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று இரண்டு பேர் கேட்டார்கள். இன்னொருவன் எப்படியோ நம்பரைப் பிடித்து வீட்டுக்கே போன் செய்தான். எடுத்தது அவள் கணவன் செல்லமுத்து.

ஜீப் ஓட்டுகிறவன், முரடன் இல்லை. அன்று மட்டும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இனி உம்பேரு அதுல வரக்கூடாது புள்ள. எழுதித்தான் ஆகணும்னா எம்பேருல எழுதிக்க."

அதே கேள்வியை அவன் பெயரில் போட்டாள். அன்றைக்கே ஒன்பது பதில் வந்தது.

இரண்டு வருடத்தில் குழுவில் எந்தச் சந்தேகம் வந்தாலும் 'கொல்லிமலை செல்லமுத்து சாரைக் கேளுங்கள்' என்றார்கள். குழுவை நடத்தும் அருணாசலம் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு காரில் மலையேறி வந்தார். செல்லமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்.

"ஒயரை வடக்கு தெற்கா இழுத்தது எதுக்குங்க சார்?"

செல்லமுத்து திரும்பிப் பார்த்தான். டீத் தட்டோடு வந்த அம்சவேணி சொன்னாள், "அப்படிக் கட்டினாத்தான் கெழக்க இருக்கிற ஸ்டேசன் நல்லா எடுக்குமுங்க."

"பரவால்லியே, அக்காவுக்கும் பழக்கி வச்சிருக்கீங்க!" என்று அருணாசலம் சிரித்தார். செல்லமுத்துவும் சிரித்தான்.

அவர்கள் கார் மலையிறங்கியதும் அம்சவேணி கேட்டாள். "'அவதான் எழுதறா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சால்வையப் போட்ட பொறகு சொல்லி, நாலு பேரு முன்னால நான் பொய்யனாவட்டுமா?"

மறுநாள் தன் பெயரிலேயே உண்மையை எழுதி அனுப்பினாள். அன்று மாலை அருணாசலம் போன் செய்தார். அவள் பக்கத்தில் நிற்கும்போதே செல்லமுத்து பேசினான்.

"இல்லீங்க, நாந்தானுங்க எழுதறது. அவளுக்குக் கொஞ்சம் ஆசை, அவ்வளவுதான்."

விடிவதற்குள் அவள் கடிதத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். செல்லமுத்து அவளைத் திட்டவில்லை. பூ வாங்கி வந்தான். திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள்; பூவை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினோரு நாள் ரேடியோவைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் கை தானாகப் போனது. இரைச்சலுக்கு அடியில், அதுவரை கேட்டிராத மொழியில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். அதைச் சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுச் சென்னம்மாளிடம் சொன்னால் 'காய்ச்சலா கண்ணு?' என்பாள்.

சென்டருக்குப் போனாள். எல்லாவற்றையும் விவரமாக எழுதி, கீழே செல்லமுத்து என்று போட்டு அனுப்பினாள். குழு ஓய்ந்துபோன 2009 வரை செல்லமுத்து சார் வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார்.