ஆறாவது ஆசிரியர் விலகிய கதை

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஏன் டீச்சர்'. விடை சரியாக இருந்தாலும் விடமாட்டாள். ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பாள். பதினாறு வருடம் அறிவியல் நடத்திவிட்டு, நாற்பத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். "பிள்ளைங்க பத்தாதுன்னு இப்ப பேராசிரியர்களையும் குடையப் போறியா?" என்று கணவர் சிரித்தார். சிரித்த கையோடு சனிக்கிழமைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னதும் ஆசிரியர் வாயிலிருந்து அடுத்து வருவது என்ன? இதுதான் அவளுடைய ஆய்வு. தன் பள்ளியிலேயே ஆறு ஆசிரியர்களின் வகுப்புகளை ஒரு வருடமாக ஒலிப்பதிவு செய்துவந்தாள். ஆறு பேரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாள். பெயர் வெளியே வராது. பதிவை அவளும் ஆய்வு வழிகாட்டியும் தவிர யாரும் கேட்க மாட்டார்கள். விரும்பினால் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம். மறுபேச்சில்லாமல் முதலில் கையெழுத்துப் போட்டவர் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் பக்கத்து இருக்கைக்காரர், எட்டு வயது மூத்தவர். இவளுடைய இரண்டு பிரசவ விடுப்பிலும் இவள் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர்.

ஒரு புதன்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்கு வரல. கணக்கு டீச்சர் எல்லார் முன்னாடியும் கேவலமா பேசிட்டாங்கன்னு அவங்க அப்பா புகார் குடுத்திருக்கார். டீச்சர் இல்லவே இல்லங்கறாங்க. வியாழக்கிழமை வகுப்பு. நீங்க ரெக்கார்ட் பண்ணீங்கல்ல?"

"சார், அது ஆய்வுக்கு மட்டும்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"புரியுது டீச்சர். உங்க படிப்பு விடுப்பு விண்ணப்பம் என் மேஜையிலதான் இருக்கு. திங்கக்கிழமை மேல அனுப்பணும். நீங்களும் யோசிங்க."

குரலில் மிரட்டல் துளியும் இல்லை. 

அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டு எழுதி முடித்திருந்தாள். மதிய இடைவேளையில் ஆய்வகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். இருபத்துமூன்றாவது நிமிடம். "மூளைய வீட்டுல ஆணியில மாட்டிட்டு வந்தியா? உங்க குடும்பத்துக்கே கணக்கு ஏறாது. உங்க அக்காவும் இப்படித்தான் மூக்க உறிஞ்சிக்கிட்டே போனா." பிறகு வகுப்பின் சிரிப்பு. பதினோரு விநாடி. தன் அட்டவணையில் அந்த இடத்தைத் தேடினாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி. 'கேலி' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தாள்.

அன்று மாலையே வழிகாட்டியின் அறைக்கு ஓடினாள். அந்த அம்மாள் ஆய்வேட்டுக் கட்டுகளை நகர்த்தி அவளுக்கு உட்கார இடம் பண்ணிக்கொடுத்தார்.

"குடுக்கக் கூடாது. எழுத்துல குடுத்த வாக்கு அது."

"அப்ப அந்தப் பொண்ணு, மேடம்?"

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. "அதுக்கு நம்ம படிவத்துல இடமே இல்லம்மா. நாமதான் யோசிக்காம விட்டுட்டோம். ஆனா ஒண்ணு. தன் குரலத் தானே கேக்கறதுக்கு யாரும் தடை போட முடியாது."

மறுநாள் கணக்கு டீச்சரை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், ஒன்றும் சொல்லாமல் பதிவை ஓடவிட்டாள். சிரிப்புச் சத்தம் வந்ததும் அவர் கையை நீட்டினார்.

"நிறுத்து."

நிறுத்தினாள்.

"இத நீ எப்ப கேட்ட?"

"ஞாயித்துக்கிழமை, அக்கா."

"நாலு நாளா என் பக்கத்துலதான உக்காந்திருந்த? ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் கருவியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஹெச்.எம். கிட்ட குடுக்கப் போறியா?"

"இல்ல."

"அப்ப எதுக்குடி எனக்குப் போட்டுக் காட்டின?"

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலன்னு உங்களுக்காவது தெரியணும்."

அவர் எழுந்து போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடுப்பு. போன் அடித்தால் எடுக்கவில்லை. சனியும் ஞாயிறும் அவள் கணினியைத் திறக்கவேயில்லை. கணவர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அடக்குவதோடு நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியர் எதிரில் நின்றாள்.

"தர முடியாது சார்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"அஞ்சு நாளா அதத்தான் சார் பண்ணிட்டிருக்கேன்."

அவர் விண்ணப்பத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு கணக்கு டீச்சர் உள்ளே வந்தார். இவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் உண்மை சார். நேத்து அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். பொண்ணு எங்கிட்டப் பேசல. இனி நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. பெண் வேறு பிரிவுக்கு மாறி, அந்த வாரக் கடைசியில் பள்ளிக்கு வந்தாள்.

அடுத்த வாரம் கணக்கு டீச்சர் அவளிடம் ஓர் அரைத்தாளை நீட்டினார். ஆய்விலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது.

"உன் மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். ஆனா கோவத்துல குடுக்கல. அந்தப் பொண்ணு பட்டது உன் புத்தகத்துல ஒரு நம்பரா கெடக்க வேண்டாம்."

கணக்கு டீச்சருடைய முப்பத்தொரு வகுப்புகளின் பதிவை அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாள். விடுப்பு கிடைக்கவில்லை. பள்ளி முடிந்து வந்து, ஐந்து ஆசிரியர்களை வைத்தே முதலிலிருந்து அலசி எழுத இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. கணக்கு டீச்சர் அவளிடம் மறுபடி பேச ஏழு மாதம் ஆயிற்று. அதுவும் ஒரே வாக்கியம். "வியாழக்கிழமை மூணாவது பீரியட் வந்து பின்னாடி உக்காரு, மெஷின் கிஷின் எதுவும் வேண்டாம்." அவள் போனாள். அடுத்த வியாழனும் போனாள். வகுப்பு முடிந்து இரண்டு பேரும் வராந்தாவில் நின்று அன்றைய பாடத்தைப் பற்றிச் சண்டை போடுவது மற்றவர்களுக்குப் பழகிப்போயிற்று.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆய்வுத் திட்டத்துல ஆறு பேர். இங்க அஞ்சு பேர்தான் இருக்காங்க. ஏன்?"

"ஒருத்தர் விலகிட்டாங்க சார்."

"காரணம்?"

"அத நான் சொல்லக் கூடாது சார்."

 வழிகாட்டி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டு, "சரி, மூணாவது அத்தியாயத்துக்கு வாங்க" என்றார். திருத்தங்களோடு பட்டம் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். திருத்தங்கள் நாற்பத்தேழு இருந்தன.