வீராணம் கரையில் எழுதிய பெயர்

2011, தை மாதக் கடைசி. காட்டுமன்னார்கோயிலில் அம்மா வீட்டில் இருந்தேன். எட்டாம் மாதத்தில் எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான் மயக்கத்தில் கிடந்தபோது, அவளைத் துணியில் வாங்கிக்கொண்டு போனவர் என் கணவர்தான். நான் முகம்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பார், கால் பிடித்துவிடுவார். நான் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். பெங்களூரில் வேலை என்பதால் சனி, ஞாயிறுதான் வருவார். வந்ததும் ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு பைக்கில் வீராணம் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு ஜியோகேச்சிங் என்று பெயராம். முன்பின் தெரியாத யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை எண்களாக இன்டர்நெட்டில் போட்டிருப்பார்கள். தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டு வாரம் தேடியும் டப்பா கிடைக்காமல், மூன்றாவது வாரம், “நீயும் வாயேன்” என்றார். மறுக்கத் தெம்பில்லாமல் போனேன்.

லால்பேட்டையைத் தாண்டிக் கரை ரோட்டில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். ஏரி நிறைந்திருந்தது. தூரத்தில் கூட்டம் கூட்டமாக நாரைகள். கருவி ஒரு புளியமரத்தைக் காட்டியது. அவர் மண்டியிட்டு வேர் இடுக்குகளில் எல்லாம் கையை விட்டுத் துழாவினார். முள் கிழித்து ரத்தம் வந்தது, துடைக்கக்கூட இல்லை. அவர் தேடிய விதம் எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. என்னவென்று புரியாமலே நானும் குனிந்து தேட ஆரம்பித்தேன்.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு அக்கா நின்று பார்த்தார். “டப்பாதான தேடுறீங்க?” என்றார்.

ஐப்பசி மழையில் தண்ணீர் வேர் வரைக்கும் ஏறி, டப்பா மிதந்திருக்கிறது. எடுத்துத் தன் வீட்டில் வைத்திருக்கிறார். தை அறுப்புக்குப் போய்விட்டதால் இத்தனை நாள் இந்தப் பக்கம் வரவில்லையாம். “எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. யாரோ ஆசையா வச்சிருக்காங்க, தேடிக்கினு வருவாங்கன்னு எடுத்து வச்சேன்” என்றார். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கரைக்குக் கீழே இருந்த வீட்டுக்குப் போய், பழைய புடவைத் துணியில் சுற்றிய டப்பாவோடு வந்தார். நோட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே வேப்பிலை போட்டிருந்தார்.

என் கணவர் மதகுச் சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார். என் பெயர், அவர் பெயர். அதற்குக் கீழே இன்னொரு பெயர். ஆறாம் மாதத்தில், பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்து, என் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பெயர்.

“ரெண்டு பேரும் எழுதிட்டீங்களா?” என்று கேட்டார் அந்த அக்கா.

“மூணு பேரு, அக்கா” என்றார் என் கணவர்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டப்பாவை வாங்கி, அதே துணியில் சுற்றி, தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு மரப்பொந்தில் வைத்தார். “தண்ணி ஏறுனா நான் எடுத்துக்குறேன். பேரு நனையாம பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் என் கணவர் அழுதார். “ஆஸ்பத்திரி சீட்டுல பெண் குழந்தைன்னு மட்டும்தான் போட்டாங்க. அவ பேர எங்கயாவது எழுதணும்னு தோணிச்சி. மூக்கு உன்னுது மாதிரியே இருந்துச்சி” என்றார். இருட்டும் வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். நாங்களும் ஊர் ஊராக மாறிவிட்டோம். அந்த அக்காவைத் திரும்பப் பார்க்கவில்லை. அழாமல் இருப்பவருக்குத் துக்கமில்லை என்று அதற்குப் பிறகு நான் யாரையும் நினைத்ததில்லை. எந்த ஊரில் மழை கொட்டினாலும், படிக்கத் தெரியாத ஒருவர் எங்கள் மகளின் பெயரை நனையாமல் எடுத்து வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் இன்றும் எனக்குத் தூக்கம் வருகிறது.