பதினான்காவது துவைப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். படித்தது துணி வேதியியல். இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கொன்றும் இல்லை. நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகல், மூன்று மணி பதினேழு நிமிடம்.

எங்கள் ஆலையில் பருத்தித் துணிக்கு நெருப்பைத் தாங்கும் மருந்து ஏற்றுகிறோம். துணியை மருந்துத் தொட்டியில் நனைத்து, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, சூட்டறை வழியாக ஓட்டுவார்கள். சூட்டில் போதுமான நேரம் இருந்தால்தான் மருந்து இழைக்குள் பிடிக்கும். இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்கத் தண்ணீரோடு போய்விடும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. துணித் துண்டுகளை ஐம்பது முறை இயந்திரத்தில் துவைப்பேன். பிறகு ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பன்னிரண்டு விநாடி நெருப்புக் காட்டுவேன். நெருப்பை எடுத்த பிறகும் இரண்டு விநாடிக்கு மேல் எரிந்தால் அந்தத் துணி தோல்வி.

"நெருப்பு வைக்கிறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று வீட்டில் கிண்டல் செய்வார் அப்பா. வெளியே போய், "எம் பொண்ணு துணி டாக்டர்" என்பார்.

அந்த வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்கு மேலாளர் வந்தார். ஆலையில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். உலோகம் உருக்கும் பட்டறை ஒன்றுக்கு மேலங்கி தைப்பதற்கான துணி அன்று போக வேண்டியிருந்தது.

"ரிப்போர்ட் எங்கம்மா? நாலு மணிக்கு லாரி கெளம்புது."

"அஞ்சு தடவைதான் சார் துவைச்சிருக்கு. அம்பது ஆக இன்னும் ஆறு நாள் ஆகும்."

"அஞ்சுல பாஸ்தானே? அப்புறம் என்ன? ஒரு சைபர்தானே குறையுது?"

"அம்பதுன்னு போட மாட்டேன் சார். சூட்டறையை நீங்க வேகமா ஓட்டச் சொன்னது எனக்குத் தெரியும்."

"நாலு எழுத்து படிச்சதும் கொம்பு மொளச்சிடுச்சோ? உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. ஞாபகம் இருக்கட்டும்."

போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இந்த வேலை போனால், 'பொம்பளைப் பிள்ளையைப் படிக்க வச்சீங்களே, என்ன ஆச்சு' என்று கேட்கச் சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆனால் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு உலை முன்னால் நிற்கப்போவது அவர்கள் இல்லையே.

இன்னொரு துண்டைத் தொங்கவிட்டு நெருப்புக் காட்டினேன். ஒரே விநாடியில் அணைந்தது. சரிதான்.

வாசனைதான் சரியில்லை.

பருத்தி எரிந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும். முதல் வருடப் பாடம். எனக்கு வந்தது முடி கருகும் நாற்றம். என் பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கொன்றும் ஆகவில்லை.

உருளை ஓட்டும் அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஏய், யாரு முடியைக் கருக்குனே? குடலைப் புரட்டுது."

"பருத்திதான்க்கா."

"பருத்தியா? நல்லாப் படிச்சே போ!"

சிரித்துக்கொண்டே போனாள். நான் ரிப்போர்ட்டை எடுத்தேன். துவைப்பு எண்ணிக்கைக் கட்டத்தில் 5 என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் அதையே எழுத்தாலும் எழுத வேண்டும். அதுதான் விதி. பேனாவைக் கொண்டுபோனேன்...

தொப்.

நிமிர்ந்தேன். மணி 3:17.

தொப்... தொப்...

மூலையில் இருந்த துவைக்கும் இயந்திரம். உள்ளே ஈரத்துணி புரண்டு விழும் சத்தம். காலையில் நான்தான் அதைக் காலி செய்தேன். அதன் மின்கம்பி சுவரிலிருந்து கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது.

எத்தனை துவைப்பு என்று காட்டும் எண் சக்கரம் காலையில் 5-இல் நின்றது.

இப்போது 9.

டிக். 10.

அவசரம் என்னை மிரட்டச் செய்த ஏற்பாடு என்று நினைத்தேன். பயத்தைவிடக் கோபம் அதிகம். நேராகப் போனேன்.

12... 13...

14.

நின்றுவிட்டது.

கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கை.

சட்டைக் கை. வெறும் துணி. ஆனால் எங்கள் ஆலையில் எதையும் தைப்பதே கிடையாது. நான் சோதித்துக்கொண்டிருந்த துணியின் அதே சாம்பல் நிறம். மணிக்கட்டுப் பொத்தான் மட்டும் பச்சை நூலால் தைத்திருந்தது. தோள் பக்கம் கருகியிருந்தது.

தொட்டேன்.

ஈரம்... சூடு.

அந்தக் கை மெல்ல மடங்கியது.

முழங்கை இருக்க வேண்டிய இடத்தில்.

ஓடினேன்.

3:26-க்கு உருளை அக்காவோடு திரும்பி வந்தேன். இயந்திரம் காலி. உள்ளே பொட்டு ஈரமில்லை. சக்கரம் 5-இல் இருந்தது. முடி கருகிய நாற்றம் மட்டும் போகவில்லை. இந்த முறை அக்கா சிரிக்கவில்லை.

மேசையில் ரிப்போர்ட் இல்லை. அவசரம் எடுத்துப் போயிருந்தார். 5 என்று பார்த்தால் வாங்குபவர்களே துணியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மடச்சி.

ஐந்து மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டறையில் ஒரு பெண்ணின் மேல் உருகிய உலோகம் தெறித்திருக்கிறது. வலது கையில் பிடித்த தீ அணையவில்லை. தோளுக்கு ஏறி, பின்னலுக்கு ஏறி... மூன்றாம் நாள் இறந்துவிட்டாள்.

என் ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்து என்னுடையது. எண்ணிக்கை 50. அந்தச் சைபர் வேறு மை. எழுத்தால் எழுத வேண்டிய கட்டம் காலி.

வெளியே பெஞ்சில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன்.

"அண்ணே... அந்த மேலங்கியை எத்தனை தடவை துவைச்சீங்க?"

"வாரத்துக்கு ஒருதரம். நாந்தாம்மா துவைப்பேன். மொத்தம் பதினாலு வாரம்தான் போட்டா. கடைசியா துவைச்சப்போ கைப் பொத்தான் விழுந்துடுச்சு. வீட்ல வேற நூல் இல்ல. பச்சை நூல்ல தச்சுக் குடுத்தேன். கிளி மாதிரி இருக்குன்னு சிரிச்சா."

அந்தப் பச்சை நூலை நான் பார்த்த வியாழக்கிழமை, மூன்று பதினேழுக்கு, அந்தத் துணி எங்கள் கிடங்கில் சுருளாகக் கிடந்தது. அதை யாரும் இன்னும் வெட்டக்கூட இல்லை.

அவள் உயிரோடு இருந்தாள்.