பங்களா வளைவில் நின்றுபோகும் பைக்

இன்று காலை பங்களா கேட்டுக்கு முன்னால்...

(எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானம் முழுவதும் யோசித்தேன். மகன் பார்த்தால் சிரிப்பான். சிரிக்கட்டும்.)

முதலில் பைக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மகன் கட்டாருக்குப் போகும்போது வீட்டில் விட்டுச் சென்ற ரீகண்டிஷன் ஸ்போர்ட்ஸ் பைக். ஏறி உட்கார்ந்தால் யாருக்கோ கும்பிடு போடுவதுபோல் குனிந்தே ஓட்ட வேண்டும். (குனிந்து பழகிய முதுகுதான். ஆனாலும் வலித்தது!)

ஆகவே ஹேண்டிலைக் கழற்றி, உயரமான ஒன்றைப் பூட்டினேன்.

பின் சீட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. என் மனைவி சரோஜா அதில் ஏறிய முதல் நாளே (அட்டல் என்பது எங்கள் வீட்டுப் பரண்) சொன்னாள்: "என்னாங்க இது, மூட்டைய அட்டல்ல ஏத்தி வச்ச மாதிரி இருக்கு!"

நான் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர். மெக்கானிக் அல்ல. ஆனால் மெனுவலைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். பழைய பேப்பரை விரித்து, கழற்றிய வரிசையிலேயே போல்ட்டுகளை அடுக்கி, செயினை மண்ணெண்ணெயில் கழுவி, ஒயில் மாற்றி, பிரேக் பேட் மாற்றி...

எல்லாம் சரிவந்தது. ஒரு நோய் மட்டும் தீரவில்லை.

பெட்டரி!

இந்த பைக்கில் கிக்கர் கிடையாது. செல்ஃப் மட்டும்தான். நடுவழியில் 'டிக் டிக்' என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகும். புதுப் பெட்டரி போட்டேன். அதுவும் செத்தது. ரிலே மாற்றினேன். வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மீட்டர் எல்லாம் சரி என்றது.

மகன் போனில் கத்தினான்: "நீங்க நோண்டி நோண்டியே அத சாகடிச்சிட்டீங்கப்பா! இனி கை வைக்காதீங்க. லீவுல வந்ததும் வித்துர்றேன்."

அவன் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. எதைச் செய்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆனால் பைக் போய்விட்டால் சரோஜாவின் முழங்கால்? கிளினிக்குக்குப் போக பஸ் ரோட்டு வரை இறங்க வேண்டும். எங்கள் தோட்டத்து டிவிஷன் ரோட்டில் த்ரீவீலர்காரர்கள் ஏறமாட்டார்கள்.

கடைசி முயற்சியாக, போன சனிக்கிழமை சரோஜாவையும் ஏற்றிக்கொண்டு யட்டியாந்தோட்டை பஜாருக்குப் போனேன். அங்கே கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம்காரரை எல்லாரும் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார்.

"பெட்டரி நல்லாத்தான் ஈக்குது சேர். சார்ஜும் ஏறுது. வார வழியில எங்கயாச்சும் நிப்பாட்டுறீங்களா?"

"இல்லையே" என்றேன்.

"பங்களாகிட்ட நிப்பாட்டுவாரு" என்றாள் சரோஜா.

"யாரயும் பாக்கவா?"

"யாரையும் பாக்க இல்லங்க. எறங்கி தள்ளிக்கிட்டு போவாரு. நானும் இந்தக் கால வச்சிக்கிட்டு நடக்கணும். கேட்ட தாண்டித்தான் ஏத்திக்குவாரு."

நானா என்னைப் பார்த்தார். "ஏன் சேர்?"

என்ன சொல்வது?

தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவைத் தாண்டும்போது என் அப்பா குடையை மடக்குவார். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளுவார். எனக்குச் சைக்கிள் கிடைத்தபோது நானும் இறங்கினேன். பைக் வந்தபோதும் இறங்கினேன். இறங்கு என்று என்னிடம் சொன்னவர் யாருமில்லை. இனி இறங்க வேண்டாம் என்று சொன்னவரும் யாருமில்லை.

இதையெல்லாம் சொல்லாமல், "பழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

"எஞ்சின எதால நிப்பாட்டுவீங்க? சாவியாலயா, இந்தச் செவப்பு சுவிட்சாலயா?"

"சிவப்பு சுவிட்ச்."

"அப்ப லைட்டு எரிஞ்சிக்கிட்டே ஈக்குமே! பங்களா தாண்டுற வரைக்கும் லைட்டோட தள்ளிட்டு, பொறகு இன்னொரு செல்ஃப். திரும்பி வரக்குள்ளயும் அப்படித்தான். எந்தப் பெட்டரி சேர் தாங்கும்?" சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பைக்ல ஒண்டுமில்ல. கொண்டுபோங்க."

வீட்டுக்கு வந்து மெனுவலைப் புரட்டினேன். சிவப்பு சுவிட்சை அவசர வேளையில் மட்டும் பயன்படுத்த வேண்டுமாம். அந்த வரியின் கீழ் நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்!

(பங்களாவைக் கடப்பது எனக்கு அவசர வேளைதான் போலும்.)

நேற்றே சரோஜா சொல்லிவிட்டாள்: "நாளைக்கி கிளினிக்கு. நான் எறங்கமாட்டேன். நீங்க வேணும்னா எறங்குங்க. என்னைய உக்கார வச்சி தேர் மாதிரி தள்ளிக்கிட்டு போங்க!"

இன்று காலை புறப்பட்டோம்.

வளைவு வந்ததும் கட்டைவிரல் தானாகவே சிவப்பு சுவிட்சுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கிக்கொண்டேன். (எனக்கு எழுபது வயது!) பங்களா வேலியோரமாக முதல் தடவையாக எஞ்சின் சத்தத்தோடு போனேன்.

கேட்டடியில் துரை நாயோடு நின்றுகொண்டிருந்தார். சின்ன வயது. என் மாணவர்களுடைய பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கையைக் காட்டினார்.

பிரேக் பிடித்தேன்.

"என்னா மாஸ்டர், பைக் சரி வந்ததா?" என்று அவருடைய சிங்களத் தமிழில் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"இல்லே, நான் மேலே இருந்து பாக்கிறதுதானே. எல்லா நாளும் இந்த எடத்துலே வந்து நிண்டு போகுது, நீங்க பாவம் தள்ளிக்கிட்டு போறது. நல்ல மெக்கானிக் பாஸ் ஒருத்தர்கிட்டே காட்ட சொல்லணும்னு நெனைச்சது."

இத்தனை நாளும் நான் கொடுத்த மரியாதை அவருக்கு ரிப்பேராகத் தெரிந்திருக்கிறது!

"சரி வந்துருச்சிங்க தொரை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நாயோடு உள்ளே போனார்.

அதன் பிறகுதான் கவனித்தேன். எஞ்சின் நின்றிருந்தது. சைட் ஸ்டாண்ட் போட்டிருந்தது. எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி ரோட்டோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

சரோஜா இறங்கவில்லை.