சக்கைக்காரரும் நீலச் சட்டைக்காரரும்

ஒரே கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஒரு வேலையில் சேர்ந்து, நல்ல பெயரெடுத்து, பதவியும் பறிபோனவள் நான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எது நிஜம், எது நிஜமில்லை என்று பெரியப்பாவுக்குச் சொல்வதுதான் என் வேலை. இவ்வளவு பொறுப்பான உத்தியோகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழே பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகளான அக்கா. மாடியில் அப்பா, அம்மா, நான். பெரியப்பாவுக்கு ஆரியசாலையில் மல்லியும் வத்தலும் விற்கிற மொத்தக்கடை. நாகர்கோவிலிலிருந்து வந்து தன் கையால் வளர்த்த கடை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால்கூட வாசலைத் தாண்ட மாட்டார். கடைத்தெருவில் ஒரு மனுஷனுக்குப் பெயர்தான் முதல் என்பார். அந்தப் பெரியப்பாவுக்குக் கை நடுங்கி உடம்பு விறைக்கிற நோய் வந்து, சட்டைப் பொத்தானைப் பெரியம்மா போட்டுவிட வேண்டிய நிலை ஆனது. அது அவருக்கு நோயைவிடப் பெரிய வருத்தம். டிசம்பர் தொடக்கத்தில் டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். கை இளகியது. ஒரு நாள் காலையில் எல்லாப் பொத்தானையும் தானே போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார். பெரியம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

அடுத்த வாரம் சக்கைக்காரர் வந்தார்.

தோசை தின்றுகொண்டிருந்த பெரியப்பா நிமிர்ந்து டிவிப் பக்கம் பார்த்து, "அந்த ஆள உக்காரச் சொல்லுட்டி. எவ்வளவு நேரமாட்டு சக்கையத் தூக்கிட்டு நிக்கான். கை கடுக்கும்லா" என்றார். பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். டிவி இருந்தது, அதன்மேல் போட்ட துணி இருந்தது. பலாப்பழமும் இல்லை, அதைச் சுமக்க ஆளும் இல்லை. முதலில் தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று கோபப்பட்டாள். இல்லையென்று புரிந்ததும், சன்னலைச் சாத்தினாள்.

அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் கிறிஸ்துமஸுக்காகக் கோட்டயம் பக்கத்தில் தன் சொந்த ஊருக்குப் போயிருந்தார். பின்னால் பிள்ளைகள் போட்ட இரைச்சலுக்கு நடுவே, மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, புத்தாண்டு கழிந்து வந்து அளவை மாற்றித் தருகிறேன், அதுவரை அவரோடு தர்க்கம் செய்யாதீர்கள், சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் இருக்க யாருக்கும் நேரமில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. இப்படித்தான் நியமனம் நடந்தது.

அக்கா மருந்தியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேருவதற்கு முன்னால் எனக்குப் பயிற்சி கொடுத்தவள் அவள்தான். மூளைக்குள்ளே கைகாலுக்கு உத்தரவு கொண்டுபோகிற டோபமின் என்று ஒரு ரசாயனம் உண்டு, அதைச் சுரக்கிற செல்கள் பெரியப்பாவுக்குக் குறைந்துவிட்டன, மாத்திரை உள்ளே போய் டோபமினாக மாறுகிறது என்றாள். கைக்கு மட்டும் போ என்று அதற்குச் சொல்ல முடியாதாம். மற்ற இடங்களுக்கும் போய்விடுமாம்.

எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் தொங்கும்போது நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் நன்றாக இல்லை என்று அப்பா வாங்கி மாட்டியது. ஒயரிங் செய்த ஆள் அதையும் கூடத்து மின்விசிறியையும் ஒரே சுவிட்சில் கொடுத்துவிட்டார். மத்தியானம் காற்றுக்காக விசிறியைப் போட்டால் வெயிலில் நட்சத்திரமும் எரியும். அக்கா அதைக் காட்டினாள். "அப்பாவுக்கும் இப்படித்தான். கைக்காகப் போடுகோம், பார்வைக்கும் சேந்து எரியுது." மூளை எல்லாவற்றையும் முதலில் ஊகம்தான் செய்கிறது, திரைச்சீலையின் நிழலைப் பார்த்து ஆள் என்று நினைத்து, அடுத்த நொடியே இல்லை, திரை என்று திருத்திக்கொள்ளும், டோபமின் கூடிப்போனால் அந்தத் திருத்தம் நடக்காமல் ஊகமே காட்சியாக நின்றுவிடும் என்றாள்.

"சக்கை எங்கேருந்துக்கா வந்துச்சு?"

"அது அப்பாவுக்கச் சொந்தச் சரக்கு."

முறை இதுதான். பெரியப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வந்தால், நிஜ ஆள் என்றால் அவர் முழங்காலில் கை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால் அவர் அந்த ஆளைக் கண்டுகொள்ள மாட்டார். பால்காரருக்கு அழுத்தினேன். மீட்டர் பார்க்க வந்தவருக்கு அழுத்தினேன். சக்கைக்காரருக்கு அழுத்தவில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டாகிவிட்டதால், டிவி பார்க்கும்போது கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன்.

என் திறமைக்கு வந்த முதல் சோதனை கரோல் கோஷ்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்தி நேரம் தெருப்பையன்கள் செண்டையும் தப்பட்டையுமாக உள்ளே நுழைந்தார்கள். நடுவில் சிவப்பு உடுப்பு, தலையணை வைத்துக் கட்டிய தொப்பை, ரோஸ் நிறப் பிளாஸ்டிக் முகமூடி, பஞ்சுத் தாடியோடு கிறிஸ்துமஸ் தாத்தாவான அப்பூப்பன் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டே வந்து பெரியப்பாவிடம் கையை நீட்டினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் முழங்காலை அழுத்தினேன்.

"நெசமா?"

"நெசம் பெரியப்பா."

"வேட்டி கெட்டி, துண்டு போட்டு, மரியாதையா சக்கையோட நிக்கவன் நெசம் இல்ல. இது நெசம். கொள்ளாம் மக்ளே, நல்ல நியாயம்" என்றவர், என்னை நம்பி அப்பூப்பனோடு கை குலுக்கினார். அந்தக் கைகுலுக்கல் எனக்குக் கிடைத்த பதக்கம். அடுத்த வீட்டு டீச்சர் கொடுத்தனுப்பிய பிளம் கேக்கைத் தின்றுகொண்டே அன்று இரவு முழுவதும் அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாரிடமும் என்றால் வீட்டுக்குள் இருந்தவர்களிடம். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று பெரியம்மா உத்தரவு போட்டிருந்தாள். "ஒரு குஞ்சுக்கும் தெரியப்பிடாது, கேட்டியா? புத்தி கெட்ட குடும்பம்னு பேராயிரும். பெறகு ஒருத்தன் பொண்ணு கேட்டு வரமாட்டான்." ஏனென்றால் பெண் கேட்டு வருவது முடிவாகிவிட்டது. தரகர் கொண்டுவந்த இடம். பையனுக்கு துபாயில் வேலை, லீவு குறைவு, அதனால் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே பார்த்துப் பேசி முடித்துவிடுவதாக ஏற்பாடு. அக்காவுக்கோ மேற்படிப்புக்கு பெங்களூரில் இடம் கிடைத்திருந்தது. மூளைக்குள் இந்த ரசாயனங்கள் செய்கிற கூத்தைப் பற்றியே படிக்கிற படிப்பு. சமையலறையில் அக்கா அதைப் பற்றிப் பேச வாயெடுத்தபோதெல்லாம் பெரியம்மா மிக்சியைப் போட்டாள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததற்குத்தான் அக்கா அழுதாள் என்று எனக்குத் தெரியும், நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்கள் வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, தரகர், நான்கு பேர். வாசலிலேயே பெரியம்மா என் காதில், "ஒழுங்கா அழுத்து" என்றாள். நான் ஒழுங்காக அழுத்தினேன். பெரியப்பாவும் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு உட்கார வைத்தார். நீலச் சட்டை போட்ட பையனிடம் விமானத்தில் கூட்டமா என்றுகூட விசாரித்தார். எல்லாம் நன்றாகவே போயிற்று. பையன் தங்கமானவனாகத்தான் தெரிந்தான். முறுக்கை உடைக்கிற சத்தம் கேட்காமல் தின்றான்.

அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். பையனின் அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "படிச்ச வரைக்கும் போரும் மக்கா. அங்க உனக்கு ஒரு வேலையும் கெடையாது. வீட்ட பாத்துக்கிட்டா போரும்" என்றாள். பெங்களூர்ப் படிப்பு என்று அக்கா ஆரம்பித்தாள். பையன் சிரித்துக்கொண்டே, "மூளையப் பத்திப் படிச்சு என்ன செய்ய? நமக்கு உள்ள மூள போரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, மாத்திரையை எடுத்துவரச் சொன்னார். வேளை ஆகியிருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். எல்லார் முன்னாலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளரை என்னிடம் திருப்பித் தருவதற்குள் சம்பந்தியாகப் போகிறவரிடம் கேட்டார்.

"பையன் எப்ப வருவான்?"

"இந்தா இருக்கான்லா!" என்றாள் பையனின் அம்மா.

"எங்க?" பெரியப்பா நீலச் சட்டையை நன்றாகப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு குரலைத் தாழ்த்தினார். "ஓ, உங்க கண்ணுக்கும் தெரியுகானா? நான் எனக்கு மட்டும்னுல்லா நெனச்சேன். அவனக் கண்டுக்கிடாதீங்க. நம்ம பேசாம இருந்தா கொஞ்ச நேரத்துல தானே போயிருவான்."

நான் பதறிப்போய் முழங்காலை அழுத்தினேன். அவர் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். கடைசியில் கிள்ளினேன். பெரியப்பா என் கைமேல் தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அவர் கையில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்படியே டிவிப் பக்கம் திரும்பி, "இவனவிட அவன் கொள்ளாம். எத்தன நாளாட்டு சக்கையோட நிக்கான், ஒரு வார்த்த குத்தம் சொன்னது கெடையாது" என்று அறிமுகம் செய்துவைத்தார். விருந்தாளிகள் நால்வரும் டிவியைத் திரும்பிப் பார்த்தார்கள். பையன் எழுந்து நின்றான். தன்னை நிஜம் என்று நிரூபிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. "பாத்தியளா, கெளம்பிட்டான்" என்றார் பெரியப்பா.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன்.

அவர்கள் போன பிறகு பெரியம்மாவின் ஆத்திரம் முழுவதும் என்மேல் இறங்கியது. அழுத்தினேன் என்றேன். கிள்ளினேன் என்றேன். பெரியப்பா அப்பாவியாக, "கால் மரத்துப்போச்சு, ஒண்ணும் தெரியல" என்றுவிட்டார். அன்றோடு என் பதவி போயிற்று. என்னைக் காட்டிக்கொடுத்தவர் நாற்காலியில் சாய்ந்து, மீதமிருந்த பிளம் கேக்கைத் தானே வெட்டித் தின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்த இடம் நின்றுபோனது. அடுத்த இடமும் வரவில்லை, பெரியப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தரகர் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். ஜூனில் அக்கா பெங்களூருக்குப் படிக்கப் போனாள். இன்று அவள் அங்கேயே மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருஷம் பேச்சுவாக்கில், அந்த நோயில் முழங்கால் மரத்துப்போகுமா என்று கேட்டேன். அக்கா வெகுநேரம் சிரித்தாள். வயிற்றுக்குப் போய், குடலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, மூளைக்குள் நுழைந்து டோபமினாக மாறுவதற்கு எந்த மாத்திரைக்கும் அரை மணி நேரமாவது வேண்டும், முந்தின வேளையின் வேகமும் அதற்குள் தணிந்திருக்கும் என்றாள். "அப்பா தம்ளரைக் கீழே வைக்கும் முன்னயே ஆரம்பிச்சாச்சு." சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

ஏனென்றால் அப்போது எனக்கு ஆரியசாலை ஞாபகம் வந்தது. புத்தாண்டு கழிந்து டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். சக்கைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். கை மறுபடி கொஞ்சம் விறைத்தது, ஆனால் கண் தெளிவாகிவிட்டது. அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெரியப்பாவோடு கடைக்குப் போனேன். வழக்கம்போல வெள்ளைச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. கடைத்தெரு வழக்கம்போல இல்லை. முன்பெல்லாம் எழுந்து நின்று பேசியவர்கள் இப்போது சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னார்கள். எதிர்க்கடைப் பையன் ஒருவன் தன் நெஞ்சைத் தட்டி, "மொதலாளீ, நான் நெசந்தான், பயப்படாண்டாம்!" என்றான். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியப்பா அவனுக்கும் பொறுமையாகத் தலையாட்டி, "சந்தோசம்" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் நான் சரியாக அழுத்தாததால் வந்தது. முக்குக் கடையில் அந்தத் தரகரே டீ குடித்துக்கொண்டு நின்றார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, ஒரு மூட்டைமேல் ஏறி நின்று, "எங்க பெரியப்பாவுக்கு இப்ப ஒண்ணும் இல்ல! எல்லாம் சரியாயிட்டு!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். பெரியப்பா எழுந்து, விறைத்த காலோடு முடிந்த அளவு வேகமாக வந்து என் வாயைப் பொத்தினார். தரகர் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா அவசரமாகக் கடை வாசலில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று உபசரித்தார்.

நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி, வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.