ஆளுநருக்குப் போன ஈபிள் கோபுரங்கள்

ஈபிள் கோபுரப் படம் போட்ட தபாலட்டையை பாரிஸில் ஈழத்துச் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் எந்தத் தமிழராவது காசு கொடுத்து வாங்கக் கண்டிருக்கிறீர்களா? என் பெரியம்மா வாங்கினா, கட்டுக்கட்டாக. அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் ஒரு மனிதரை விஷ ஊசி ஏற்றிக் கொல்ல நாள் குறித்திருந்தார்கள். அந்த மாநில ஆளுநர் மனம் வைத்தால் நிறுத்தலாம். பெரியம்மா துப்புரவு வேலை செய்த அலுவலகத்துப் பிரெஞ்சுப் பெண்கள் அவருக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். 'நாங்களும் எழுதுவம்' என்று இவவும் வெளிக்கிட்டுவிட்டா.

சனிக்கிழமைகளில் மரக்கறிக் கடை வாசலில், வெண்டிக்காய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்போம். வில்லியே லே பெல் போன்ற புறநகர்களிலிருந்து சாமான் வாங்க வருகிற சனத்தை அவ மறிப்பா. அவர்கள் தமிழில் சொல்ல, பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்த நான் எழுதுவேன். எனக்கென்ன, பன்னிரண்டு வயதில் ஆளுநருக்கே எழுதுகிற பெரிய மனுசி!

கையெழுத்து என்றாலே எங்கள் சனத்துக்குப் பயம். "அக்கா, என்ரை விசாவுக்கு ஒண்டும் வராதோ?" என்று கேட்டுவிட்டு நழுவுவார்கள். ஒரு அண்ணை பாய்ந்தே விழுந்தார்.

"கொலைகாரனுக்கோ? உங்களுக்கென்ன விசரோ?"

"ஓம் தம்பி, செய்தவன்தான். அவனை வெளியிலை விடச்சொல்லிக் கேக்கேல்லை. கொல்லாதேங்கோ எண்டுதான் கேக்கிறம்" என்றா பெரியம்மா, குரலை உயர்த்தாமல்.

அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கினார். கையெழுத்துக்கு மேலே தன் அகதி வழக்கு இலக்கத்தையும் எழுதிவிட்டார்! எந்த அரசாங்கக் கந்தோருக்கு எழுதினாலும் அதைப் போட்டுப் பழகிய கை. அவரைப் பார்த்து அடுத்தவர்களும் போட்டார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியம்மா ஒன்றையும் அழிக்கவிடவில்லை. "இருக்கட்டும். உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் கேக்கினம் எண்டு அவருக்கும் விளங்கட்டும்."

மழையென்றும் பார்க்கவில்லை, குளிரென்றும் பார்க்கவில்லை. கிழமை முழுக்க நிலம் துடைத்த மனுசி, கிடைத்த ஒரு ஓய்வு நாளையும் முன்பின் தெரியாத ஒருவருக்காக நின்றே கழித்தா. அடேயப்பா, என்ன நெஞ்சு அது! இன்றைக்கும் எனக்கு அப்படி நிற்க வராது.

ஒரு பின்னேரம் கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது அவவின் போன் அடித்தது. ஆளுநர் மரண தண்டனையை நீக்கி ஆயுள் தண்டனையாக்கிவிட்டாராம். என் ஆங்கிலம்தான் வென்றது என்று நான் துள்ளினேன். பெரியம்மா மேடையிலிருந்த வாங்கில் குந்திக் குலுங்கிக் குலுங்கி அழுதா.

"வெண்டிட்டம்தானே, ஏன் அழுறீங்கள்?"

"ஊரிலை உன்ரை பெரியப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனாப்பிறகு நானும் எழுதத்தான் பாத்தனான். ஆர் வச்சிருக்கினம், எங்கை வச்சிருக்கினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எழுதுறதுக்கு ஒரு விலாசம் இல்லாமப் போச்சு, பிள்ளை."

பெரியப்பாவை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். அவவின் கண்ணீரைத் துடைத்துவிட்டு, "விலாசத்தைக் கூகுளிலை தேடியிருக்கலாமே பெரியம்மா" என்றேன்.